கொசஸ்தலை ஆற்றங்கரை: மரம் நடும் முன் அடியைப் பிடியுங்கள்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால், எண்ணூர் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். அடுத்த நிறுத்தமான அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஆற்றோரம் போய்ப் பாருங்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். உடனே மேலே மரம் நடத்தான் கை பரபரக்கும். அது வீண். வெள்ளம் அரிப்பது கரையின் அடியை. அடி போனால் மரமும் சேர்ந்து சரியும்.

நீர்வளத் துறையின் அனுமதி வாங்கி, தை மாதம் நீர் தாழ்ந்ததும் தொடங்கலாம். 30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம் உள்ள கரைக்குக் கணக்கு சொல்கிறோம். ஓரடி உயரத்துக்கு இரண்டடி என்று சரிவாக வெட்டினால், சரிவின் நீளம் 4 மீட்டர் வரும். அடியில் 75 செ.மீ.க்கு ஒன்றாக 41 சவுக்குக் கம்பு. 2.5 மீட்டர் கம்பில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும். கம்புக்குப் பின்னால் அரையடிப் பள்ளத்தில் தென்னைநார் உருளைகளைப் பதித்து, நார்க்கயிற்றால் கம்போடு இறுக்க வேண்டும்: 30 செ.மீ. பருமன், 3 மீட்டர் நீளத்தில் 10 உருளை. பின்னே சவுக்கு மிளார் (சிறு கிளைகள்) அடைத்து மண் போட்டு மிதிக்கலாம். சும்மா கிடைக்கிறதென்று சீமைக்கருவேலத்தைக் கொண்டுவராதீர்கள். காய் உதிர்ந்து முளைக்கும், வெறுங்காலோடு இறால் தடவ வருபவர்களுக்கு முள் குத்தும்.

அதிகம் தோற்பது இரண்டு முனைகளில்தான். உருளை வரிசையை நேராக முடித்தால் வெள்ளம் பின்னால் புகுந்து, மண்ணைக் கரைத்து, வரிசையைத் தனியாக விட்டுவிடும். முனைகளைக் கரைக்குள் 2 மீட்டர் வளைத்துப் புதையுங்கள். அதற்கு 6 கம்பும் 2 உருளையும் கூடுதலாக வேண்டும்.

சரிவின் மேல் தென்னைநார் வலை, புதைப்பும் மடிப்பும் சேர்த்து 165 சதுர மீட்டர். மேல் விளிம்பு ஓரடி ஆழத்தில் புதைய வேண்டும். வலைகள் சேருமிடத்தில் 15 செ.மீ. ஏறட்டும், நீர் வரும் திசையிலுள்ள வலைதான் மேலே. மாற்றிப் போட்டால் வெள்ளம் விளிம்பைப் பிடித்துச் சுருட்டிவிடும். வலையைத் தரையோடு பிடிக்கச் சதுர மீட்டருக்கு 2 மூங்கில் முளைக்குச்சி. வெட்டும்போது அனல்மின் நிலையச் சாம்பல் அடுக்கு தெரிந்தால் அதில் முளை நிற்காது. தோண்டி எடுத்துக் களிமண் நிரப்பியே ஆக வேண்டும்.

என்ன நடுவது என்பதை உப்புதான் தீர்மானிக்கும். வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே என்றால் வெட்டிவேர்: மூன்று வரிசை, 15 செ.மீ. இடைவெளி, 600 நாற்று. கழிமுகப் பக்கம் அது கருகும். அங்கே ஓதம் (கடல் நீர்) ஏறி இறங்கும் விளிம்பில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம், கரைமேல் பூவரசம் போத்து (வெட்டி நடும் கிளை). எண்ணூர் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் நீர் வடியாமல் கண்டல் கன்றுகள் மூழ்கிச் சாகும். எங்கே நடலாம், எது மீன்பிடிக்கும் இடம் என்பதைக் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மக்களிடம் கேட்காமல் ஒரு கன்றும் ஊன்றக் கூடாது.

வேலைக்குத் தன்னார்வலர்கள் முப்பது பேர் வந்தால், கம்பு இறக்குவதைப் பழகிய கைகளிடம் விடுங்கள். மற்றவர்கள் வலை விரிக்கலாம், முளை அடிக்கலாம், நடலாம். கோடையில் வெட்டிவேருக்கு லாரித் தண்ணீர்தான். உப்பேறிய ஆற்று நீரை ஊற்றாதீர்கள். ஆடு நுழையாமல் வேலி வேண்டும். ஐப்பசி வெள்ளம் முதல்முறை வடிந்த அன்றே போய், கயிறு தளர்ந்த உருளைகளை மறுபடி இறுக்கி, அவற்றின் பின்னால் குழி விழுந்திருந்தால் மிளாரும் மண்ணும் இட்டு மூடுங்கள்.