நாளைக்கு ஆள் வந்துரும்மா

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா விட்டுப்போன வீடு. முன்பக்கம் இரண்டு அறைக்கு மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்பில் அடுக்கிய பழைய கூரை. பின்பக்கம் பிற்பாடு கட்டிய கான்கிரீட். வேடிக்கை என்னவென்றால், பழசு அப்படியே நிற்கிறது, புதுசுதான் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பி, மேலே இருக்கும் காரையைத் தள்ளிவிடும்.

ரிப்பேரை எட்டு லட்சத்தில் முடிப்பதாகக் கணக்குப் போட்டேன். பத்தரை ஆனது.

செலவு குறையுமே என்று லேபர் காண்ட்ராக்ட் மட்டும் பேசினேன், பொருள் என் பொறுப்பு. எங்கள் தெருவுக்குள் லாரி நுழையாது. எம்-சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலை, முனையில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அங்கிருந்து குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றி வரவேண்டும். இடித்த ரப்பிஷை வெளியேற்றவும் அதே வழி. இந்த இரண்டு செலவும் என் நோட்டில் எங்கேயும் இல்லை. பூச்சு வேலைக்கு அளவு எடுக்கும்போது ஜன்னல், வாசலைக் கழிப்பதா வேண்டாமா என்று முன்னாடியே பேசாததில் ஒரு நாள் சண்டை, அதை விடுங்கள்.

பெரிய தலைவலி சனிக்கிழமைதான். "ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்மா" என்று மேஸ்திரி வந்து நிற்பார். பொய்யும் இல்லை, கொத்தனாரும் சித்தாளும் வாரக் கூலியை நம்பித்தான் இருக்கிறார்கள். நானும் கேட்டதைக் கொடுத்தேன். நாலாவது வாரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், பேசிய தொகையில் பாதிக்கு மேல் போயிருக்கிறது, வேலை மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. திங்கட்கிழமை போன் போட்டால் "நாளைக்கு ஆள் வந்துரும்மா." வேறு சைட்டில் இருக்கிறார் என்பது பின்னால் இரைந்த கலவை மெஷினிலேயே தெரிந்தது.

அப்புறம் உட்கார வைத்துப் பேசினேன். தினமும் எத்தனை பெரியாள், எத்தனை சித்தாள் வந்தார்கள் என்று நான் எழுதி வைப்பேன், சனிக்கிழமை அந்தக் கூலி மட்டும். அவருடைய பங்கு ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு. கடைசிப் பத்து சதவீதம் மொட்டைமாடியில் தண்ணீர் கட்டி ஒழுகாமல் இருந்தால்தான். முணுமுணுத்தார், ஆனால் ஆள் வர ஆரம்பித்தது.

பணத்தைப் பிடித்துவிட்டேன் என்ற தெம்பில் எந்த வேலைக்குப் பிறகு எது என்ற வரிசையைக் கோட்டை விட்டேன். டைல்ஸ்காரருக்குப் பெரம்பூரில் ஒரு வேலை நின்றுபோய், சொன்ன தேதிக்கு ஐந்து நாள் முன்னாடியே வந்துவிட்டார். யாரோ ஒருவராவது சீக்கிரம் வந்தாரே என்ற சந்தோஷத்தில் பாத்ரூமை விட்டுக்கொடுத்தேன். சுவருக்குள் போன பைப்பில் பிளம்பர் இன்னும் பிரஷர் போட்டுப் பார்க்கவே இல்லை. டைல்ஸ் ஒட்டி இரண்டாம் நாள், பின்பக்க அறைச் சுவரில் தட்டு அகலத்துக்கு ஈரம். ஏழு டைல்ஸை உடைத்து பைப் திரும்பும் இடத்தில் இருந்த ஒரு எல்போவை மாற்றினார்கள். கடையில் அதே டிசைன் கிடைத்தது, ஆனால் வேறு பேட்ச், கலர் ஒரு நூல் மங்கல்.

ஆடியில் ஆரம்பிக்கக்கூடாது என்று அத்தை தடுத்ததால் ஆவணியில்தான் கைவைத்தோம். அதனால் மாடி வேலை ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முடிந்தது. தண்ணீர் போகும் குழாயில் துணியை அடைத்து இரண்டு நாள் கட்டி வைத்தோம். ராத்திரி நான் டார்ச்சோடு சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலை கூப்பிடாமலேயே மேஸ்திரி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.

"இறங்கலியேம்மா?"

"இல்லண்ணா."

அன்றைக்கே பாக்கியைக் கொடுத்துவிட்டேன். போன வாரம் அத்தை மேஸ்திரி நம்பரைக் கேட்டார், கொடுத்தேன். எங்கள் பாத்ரூமையும் பார்க்க அத்தை வந்தார். அந்த ஏழு டைல்ஸுக்கு முன்னால் பக்கெட்டை நகர்த்தி வைத்திருந்தேன், அப்படியும் கண்டுபிடித்துவிட்டார்.