லவ்டேல், கேத்தி, அருவங்காடு

குரூப் 4 முதல் தடவை எழுதியபோது பாடம் தெரியாமல் நான் கோட்டை விடவில்லை. 'போச்சுன்னா வீட்டில் என்ன சொல்வது?' என்ற நினைப்பு கடைசி மூன்று வாரம் என்னைத் தூங்கவே விடவில்லை. நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று விரட்டினேன். விரட்ட விரட்டத்தான் வந்தது.

அதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் முடியவில்லை. நினைக்கலாம் என்று விட்டதும் இன்னும் அதிகமாகவே நினைத்தார்கள். கரடி வந்தால் ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வாகன் காரை நினையுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் அந்த மறுவரவு குறைந்தது. ஒரே ஒரு மாற்று, அதுவும் முன்பே முடிவு செய்தது. எனக்கு இதுதான் கைகொடுத்தது.

நான் குன்னூர்க்காரி. என் மாற்று மலை ரயில். ஊட்டியிலிருந்து லவ்டேல், கேத்தி, அருவங்காடு, வெலிங்டன், குன்னூர். பயம் வந்தால் இதைக் குன்னூரிலிருந்து தலைகீழாக, ஒவ்வொரு ஸ்டேஷனையும் கண்முன் கொண்டுவந்து சொல்வேன். நேராகச் சொன்னால் வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு பழைய இடத்துக்கே போய்விடும். தலைகீழாகச் சொல்லக் கொஞ்சம் கவனம் வேண்டும், அந்தக் கவனம்தான் உதவுகிறது. உங்கள் ஊர் பஸ் நிறுத்தங்களும் போதும்.

ஆனால் எல்லாக் கவலையையும் இப்படித் திருப்பிவிடாதீர்கள். 'வட்டிக் கணக்கு வரவில்லையே' என்பது பயமில்லை, வேலை. அதற்கு ஸ்டேஷன் சொல்லக் கூடாது, எழுந்து பத்துக் கணக்குப் போட வேண்டும். இந்தப் பிரிப்பு பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. அப்புறம், தேர்வன்று புதிதாக முயன்றால் வராது. நான் தினமும் பஸ்ஸிலும், அம்மாவோடு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போதும் பழகினேன்.

இரண்டாவது தடவை, கணக்குப் பகுதியில் தொடர்ந்து மூன்று கேள்விகள் வரவில்லை. கை வியர்த்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு வெலிங்டன், அருவங்காடு என்று போனேன். லவ்டேல் தாண்டுவதற்குள் மூச்சு சீரானது. 180 நிமிடத்தில் 200 கேள்விதான், அரை நிமிடம் போனால் போகட்டும். அந்த மூன்றையும் தள்ளி வைத்து நான்காவதைப் படித்தேன். அது தெரிந்த கணக்கு.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் இந்த வித்தை போதாது. அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.