ஜிப், கொக்கி, முந்தானை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் போனில் வந்து குவிகின்றன. ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. ஏப்ரலில் பாப்பா பிறந்ததிலிருந்து நான் உடுத்துவது நைட்டிதான், அதுவும் முன்பக்கம் இரண்டு ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி.

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் நைட்டிக்கு நேரம் காலம் கிடையாது. தோளில் ஒரு டவலைப் போட்டால் அண்ணாச்சி கடைக்குப் போகலாம், மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குடத்தோடு நிற்கலாம், ரேஷன் கடை வரைக்கும்கூட நடக்கலாம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. இப்போது அந்த டவலின் அருமை தெரிகிறது. பால் கசிந்தால் மறைக்கும், பாப்பா கக்கினால் துடைக்கும், வெயிலில் அவள் தலைக்கு நிழலும் ஆகும்.

ஆனால் இந்த நைட்டியைத் தைக்கிறவர்களில் ஒருத்தராவது பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஜிப் இரும்பில் இருக்கிறது, பாப்பா கன்னத்தில் கீறுகிறது. மாடியில் காயப்போட்டால் கடல் காற்றில் துருப்பிடித்துப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாமல், அவள் அலற அலற அந்த ஜிப்போடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆயா, அதாவது பாட்டி, ஊதுவத்தி ஏற்றிக்கொண்டே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாத்துக்கும்மா ஜிப்பு? ரவிக்கைக்கு ஊக்கு முன்னாலதானே கீது."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எனக்கு ஆபரேஷன் பிரசவம். தையல் அடிவயிற்றில் குறுக்கே ஓடுகிறது. லெக்கிங்ஸின் எலாஸ்டிக்கும் ஜீன்ஸின் பட்டனும் சரியாக அந்தக் கோட்டில்தான் வந்து உட்காருகின்றன. ஆறிவிட்டது என்றாலும் அந்த இடம் பாதி மரத்துப்போயும் பாதி கூசிக்கொண்டும் இருக்கிறது. பாவாடை நாடாவை அதற்கு மேலே, இடுப்புக்கு ஏற்றிக் கட்டலாம். ஆக, சேலை கட்டினால் வலி இல்லை. "வீட்டில் எதுக்கு சேலை, ஃப்ரீயா இரு" என்கிறார் அத்தை. எனக்கு ஃப்ரீயாக இருப்பதே அதில்தான் என்று புரியவைக்க முடியவில்லை.

பிரசவமான மூன்றாம் வாரத்திலேயே வயிறு கட்டும் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. ஆயா தன் பழைய நூல் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா மருந்துக் கடையில் பெல்ட் வாங்கி வைத்திருந்தாள். டாக்டரிடம் கேட்டேன். கர்ப்பப்பை பழைய அளவுக்கு வர ஆறு வாரம் போல ஆகும், அது தானாகச் சுருங்கும், கட்டுவது இருமும்போதும் எழும்போதும் ஒரு பிடிமானத்துக்குத்தான், அதனால் தொப்பை கரையாது என்றார். பிடிமானத்துக்கு ஆயா சேலையே போதுமாக இருந்தது. மே மாத அக்னி வெயிலில் அந்த பெல்ட்டுக்குள் வெந்துபோயிருப்பேன்.

செருப்பும் மாறிவிட்டது. கர்ப்பத்தில் பாதம் கொஞ்சம் அகலமாகும், சிலருக்குத் திரும்பாது என்று படித்தேன். எனக்குத் திரும்பவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய ஹீல்ஸ் நாத்தனாருக்குப் போய்விட்டது. கடுகு கலர் ஜீன்ஸ் என் தங்கைக்கு. அவளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை, சொல்லவும் சொன்னேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் போனேன். பாப்பா அம்மாவிடம். ஒரு பால் நேரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஓட்டமும் நடையும்.

வண்ணாரப்பேட்டைக்குத் துணி புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுக்கிறவர்கள் குடியிருந்த பேட்டை. அப்புறம் பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி துணி மில் வந்தது. தாத்தா அங்கேதான் வேலை பார்த்தார், காக்கித் துணி நெய்கிற பகுதியில். 1996-இல் மில்லை மூடிவிட்டார்கள். ஆனால் துணியைப் பார்க்கிற கண் ஆயாவிடம் அப்படியே தங்கிவிட்டது. இன்று கூடவே வந்தாள்.

கடையில் ஆயா முதலில் விலையைப் பார்ப்பதில்லை. துணியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பாள். ஓரத்தில் ஒரு நூலை இழுத்து அறுத்துப் பார்ப்பாள். பிறகு எச்சில் தொட்டு முந்தானை நுனியை ஈரமாக்கி, துணியில் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். கடைப் பையன் "ஆயா, புதுத் துணி" என்று முனகினான். "புதுசுலதான்டா சாயம் போவும்" என்றாள்.

முன்பெல்லாம் துணிக்கடையில் எனக்கு வேண்டியது கண்ணாடி ஒன்றுதான். மேலே வைத்துப் பார்த்து, முகத்துக்கு எடுக்கிறதா என்று முடிவெடுப்பேன். இன்று ஒரு கடையிலும் கண்ணாடி பக்கம் போகவில்லை. பகலில் பாதி நேரம் பாப்பாவின் கன்னம் என் தோளில்தான் கிடக்கிறது. அவள் வாயில் போய்ச் சேருவது என் காலர். ஆகவே சமிக்கி வேண்டாம், கல் வேண்டாம், தோள்பக்கம் ஜரிகை வேண்டாம். பாலியெஸ்டர் போட்டால் எனக்கு வியர்க்கிறது, அவளுக்கு வேர்க்குரு. ரேயான் தொட்டால் குளுகுளு என்றுதான் இருக்கும். ஆனால் நனைந்தால் கனத்துத் தொங்கும், பால் பட்ட இடம் தனியாகத் தெரியும். காட்டனில் அடர்த்தியான பூப்போட்டதாக எடுத்தால் கறை, கக்கல், கசிவு எல்லாம் பூவோடு பூவாகப் போய்விடும். மூன்று குர்தா, இரண்டு நூல் சேலை எடுத்தோம்.

சேலை நிறத்தில் சண்டை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா "பிள்ளை பெத்தாச்சு, இனிமே லைட்டா எடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். யார் போட்ட சட்டம் என்று தெரியவில்லை. குழந்தை பெற்றால் வெளிறிய நிறங்களில்தான் நடமாட வேண்டுமாம். வெளிர் நிறத்தில்தான் பால் கறை முதலில் தெரியும், அதையாவது யோசித்திருக்கலாம். கிளிப்பச்சையில் அரக்குக் கரை எடுத்தேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. சாயத்தை மட்டும் இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஜிமிக்கி போயிற்று. பாப்பா பிடித்து இழுத்ததில் காது ஓட்டை நீண்டுவிடுமோ என்று பயந்து, சின்னத் தோடுக்கு மாறிவிட்டேன். தாலிச் சரடில் அவசரத்துக்கு ஆகட்டும் என்று இரண்டு ஊக்கு மாட்டி வைப்பது அம்மாவின் பழக்கம், எனக்கும் வந்திருந்தது. பாப்பா சரடைச் சப்ப ஆரம்பித்த அன்றே கழற்றிவிட்டேன். கண்ணாடி வளையலும் இல்லை. கையில் இப்போது மிச்சம் கறுப்புக் கயிறு மட்டும்.

முடி கொத்துக் கொத்தாக வருகிறது. கர்ப்பத்தின்போது உதிராமல் நின்றிருந்த முடி, ஹார்மோன் இறங்கியதும் மூன்று நான்கு மாதத்தில் ஒன்றாக உதிருமாம், பிறகு வளருமாம். எண்ணெயை மாற்றச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அழகைவிட வேறு ஒரு கவலை இருக்கிறது. உதிர்ந்த ஒரு இழை குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று குழந்தை டாக்டர் எச்சரித்தார். சாக்ஸைக் கழற்றும்போதெல்லாம் விரல்களைப் பிரித்துப் பார்க்கிறேன். முடியை எப்போதும் இறுக்கிக் கொண்டை போடுகிறேன். கொண்டை எனக்கு நன்றாகவே இருக்கிறது என்பது தனி விஷயம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கொருக்குப்பேட்டை டெய்லர் அக்காவிடம் அரை நாள்.

பழைய ரவிக்கை எதுவும் ஏறவில்லை. அக்கா நல்ல தையல்காரி, எப்போதும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார். பக்கத்தில் இரண்டு தையல் பிரித்தால் நான்கு ரவிக்கை பிழைத்துவிடும். கல்யாண ரவிக்கையை எடுத்ததும், "இத வெட்டாத. பால் நிறுத்துற வரைக்கும் அப்படியே மடிச்சு வை, அப்புறம் எந்த அளவுல நிப்பேன்னு உனக்கே தெரியாது" என்றார். சரி, வைத்துவிட்டேன். பின்பக்கம் கொக்கி வைத்த பிரின்சஸ் கட் ரவிக்கை இரண்டும் இப்போதைக்கு உபயோகமில்லை.

அளவெடுக்கும் முன் அவர் கேட்ட கேள்வி: "கடைசியா எப்போ பால் குடுத்த?" கொடுத்த கையோடு எடுத்தால் நான்கு மணி நேரம் கழித்து இறுக்கும். மார்பில் பால் நிறைந்திருக்கும்போது எடுத்தால்தான் சரியான அளவு. இறுக்கமாகப் போட்டால் பால் கட்டிவிடும் என்பது அவர் தன் இரண்டு பிள்ளைகளிடம் கற்றது. ரெடிமேட் கடையில் எஸ், எம், எல் என்று தொங்குகிற எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்காது.

எம்.சி. ரோடு குர்தாக்களில் மார்பின் இரண்டு பக்கத் தையலோடு ஒட்டி நைலான் ஜிப் வைக்கச் சொன்னேன். வெளியே தெரியாது. ஜிப் தலைக்கு ஒரு துணி மூடி. கூடவே பாக்கெட். பாக்கெட் என்றதும் அக்கா சிரித்தார், "ஜென்ட்ஸ் மாதிரியா?" ஆமாம், அப்படித்தான். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. சாவியை, போனை, கக்கல் துணியை எங்கே வைப்பது?

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து ஜிஎஸ்டி மாறுகிறது. 2,500 ரூபாய் வரை உள்ள உடுப்புக்கு 5 சதவீதம். இதுவரை அந்த வரம்பு 1,000 தான், அதைத் தாண்டினால் 12. ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வந்தது. கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில் இருப்பதால் லீவிலும் இதிலிருந்து தப்ப முடியாது.

சுங்க அட்டவணையைத் திறந்தேன். 61-ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62 நெய்த துணியில் தைத்தது. வருடக்கணக்கில் இந்த எண்களை அடித்திருக்கிறேன். குழந்தை உடுப்புக்குத் தனித் தலைப்பு உண்டு, 6111-உம் 6209-உம். 86 சென்டிமீட்டர் உயரம் வரை குழந்தை என்று குறிப்பும் இருக்கிறது. என் ஃபீடிங் நைட்டி எல்லா நைட்டிகளோடும் 6208-க்குள் போய்விடும். பால் கொடுக்கும் உள்ளாடை மற்றதோடு 6212-இல். பெற்றவளுக்குத் தனி இடம் இல்லை. யாராவது அதிகாரி கேட்டால் ஜிப்பை எடுத்துக்காட்டி வாதாடத் தயார்.

அக்டோபர் 13, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். கிளிப்பச்சைச் சேலை, முன்பக்கக் கொக்கி ரவிக்கை.

மெட்ரோவில் தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடி. ஏசி குளிரில் மார்பு கட்டிக்கொண்டது. பால் உறிஞ்சும் பேட் வைத்திருந்தும் நனைந்தது. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுடிதாரில் வந்திருந்தால் துப்பட்டா ஒரு பக்கம், பை ஒரு பக்கம் என்று தடுமாறியிருப்பேன்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். நாங்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். படிக்காமலே "எடுத்துக்கோங்கம்மா" என்றார். ரெக்கார்டு ரூமில், பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் பத்திரக் கட்டுகளுக்கு நடுவே, கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்து உட்கார்ந்து பம்ப் செய்தேன். கொக்கியைப் போட்டு முந்தானையைச் சரிசெய்து வெளியே வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாலை ஐஸ் பையில் வைத்தாயிற்று.

கூட வேலை பார்க்கிற பெண் "என்னக்கா, அம்மா ஆனதும் ஆன்ட்டி மாதிரி சேலைக்கு மாறிட்டீங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன் நான் வாரம் மூன்று நாள் ஜீன்ஸில் வந்ததை அவளும் பார்த்தவள்தான். கோபம் வரவில்லை, பதில் சொல்லவும் நேரமில்லை. இரண்டு கன்டெய்னர் நின்றுகொண்டிருந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விட்டுவிட்டு மழை. பாப்பாவுக்கு மட்டும் ஏழெட்டு உடுப்பு சேர்ந்துவிட்டது. அதில் பாதி வலை வைத்த கவுன், பத்து நிமிடம் போட்டுப் படம் எடுத்துக் கழற்றினோம். எனக்கு யாரும் ஒன்றும் எடுக்கவில்லை. அதற்கு வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பட்டு எடுத்துக் கொடுத்த அதே வீடு இது. அவரிடம் சொன்னேன். "நீதான் எதுவும் வேணாம்னு சொல்வேன்னு நெனச்சேன்" என்றார். கேட்டிருக்கலாமே என்றேன். கடை திறந்ததும் போகலாம் என்று பேச்சு முடிந்தது. பட்டு வேண்டாம், இன்னொரு நூல் சேலை, இந்த முறை கத்தரிப்பூ நிறத்தில்.

காலையில் கல்யாணப் பட்டைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். போட்டது எம்.சி. ரோடு குர்தாவில் ஒன்று. மத்தாப்பு பிடிக்கும்போது போனும் டவலும் இரண்டு பாக்கெட்டில். போன் குனிந்தால் நழுவுகிறது, இன்னும் இரண்டு அங்குலம் ஆழம் வேண்டும். மீதித் துணி இருக்கிறது. டெய்லர் அக்கா வெள்ளிக்கிழமை கடை திறக்கிறாராம்.