முட்டவா, தாக்கவா?

இன்னிக்குக் காலேஜ் வாசல்ல ஒருத்தர் ஸ்டூல் மேல ஏறி நின்னு பிரசங்கம். பொண்ணுங்க படிச்சா குடும்பம் கெட்டுப்போயிடுமாம். சுத்தி நின்ன பசங்க சிரிச்சிக்கிட்டே வீடியோ எடுத்தாங்க. "இதெல்லாம் யாருங்க உங்ககிட்ட கேட்டா?"ன்னு கேட்டேன். குரல் நடுங்கிடுச்சு. "முதல்ல தலையைக் குனிஞ்சு பேசக் கத்துக்கோம்மா"ன்னார்.

நேரா லைப்ரரி. குறுந்தொகை 28, ஔவையார் பாட்டு: 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்'. அதுல வர்ற தலைவி, தன் நோய் தெரியாம தூங்குற ஊரைப் பாத்து, முட்டவா, தாக்கவா, ஓன்னு கத்தவான்னு கேக்குறா. அவளுக்குக் காதல் நோய், எனக்கு வெறும் ஆத்திரம். (புலவர்கள் மன்னிக்கணும்!) நோட்டுல மூணு தடவை எழுதினேன். மூணாவது தடவைதான் கையெழுத்து நேரா வந்துச்சு.

நாளைக்கும் வருவாராம். நானும் போறேன். பாட்டைச் சத்தமா வாசிக்கணும். கூட யாரெல்லாம் வர்றீங்க?