சிவப்புப் புழுக்கை

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் என் தலையில் விழுந்த வேலை, எலித் தீவனத்தில் சாயம் கலப்பது. ஒரு கிலோ தீவனத்தில் 40 கிராம் எரித்ரோசின் என்ற சிவப்பு உணவுச் சாயம். கையுறை போட்டாலும் மணிக்கட்டில் ரோஸ் கறை ஏறிவிடும். எவ்வளவு சோப்பு போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது.

அந்தச் சாயத்தின் எடையில் ஏறக்குறைய 58 சதவீதம் அயோடின்தான். மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள். இதை நிறையத் தின்ற எலிகளுக்குத் தைராய்டு சுரப்பி கெடும். அயோடின் மிஞ்சிப்போய்த்தான் அது கெடுகிறது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் கூண்டின் அடித்தட்டை இழுத்தால் புழுக்கை எல்லாம் சிவப்பு! தின்றதில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே வந்திருக்கிறது.

சரி, ஒட்டிய கொஞ்சம் என்ன செய்கிறது? தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால்தான் வீரியமுள்ள டி3 கிடைக்கும். கல்லீரலில் அதைக் கழற்றுகிற நொதியை எரித்ரோசின் முடக்குகிறது. பலரும் ஏற்கும் விளக்கம் இதுதான். டி3 குறைந்ததும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பதறிப்போய், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டுகிறது. ஓய்வில்லாமல் விரட்டப்படும் தைராய்டு பருத்துக்கொண்டே போகிறது. வாழ்நாள் முழுக்க இந்த 4 சதவீதத் தீவனத்தைத் தின்ற ஆண் எலிகளுக்குத் தைராய்டில் கட்டியே வந்தது.

ஆனால் எலி மனிதன் இல்லையே. நம் ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எலிக்கு ஒரு நாளே அதிகம். அதன் தைராய்டு எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கிறது, சின்ன உந்துதலே போதும். அளவும் அப்படித்தான். அந்த ஆண் எலிகள் உடல் எடையில் கிலோவுக்குத் தினம் சுமார் 2,500 மில்லிகிராம் சாயம் தின்றன. அதே கணக்கில் மனிதனுக்கு உலக நிபுணர் குழு வைத்த வரம்பு 0.1 மில்லிகிராம்.

அமெரிக்கச் சட்டம் இந்தக் கணக்கையெல்லாம் கேட்பதில்லை. சாயம் விலங்குக்குப் புற்றுநோய் தந்தால் அனுமதி கிடையாது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் 1990இல் அழகுசாதனப் பொருள்களிலும் மேல்பூச்சு மருந்துகளிலும் தடுத்தார்கள், உணவில் விட்டுவைத்தார்கள். உதட்டில் பூசக்கூடாது, விழுங்கலாம்! இந்தக் கூத்து ஏறக்குறைய 35 வருஷம் நடந்தது. 2025 ஜனவரியில்தான் உணவுக்கும் உட்கொள்ளும் மருந்துக்கும் தந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். அப்போதும் உணவுக்கு 2027 ஜனவரிவரை அவகாசம், மருந்துக்கு இன்னும் ஒரு வருஷம் கூடுதல்.