பரங்கிமலைப் படிகளில் அப்பாவின் நினைவு

பரங்கிமலை மாதாவின் திருநாளான டிசம்பர் 18 அன்று, அப்பா இறைவனடி சேர்ந்த பிறகு முதல் முறையாக, அம்மாவும் அண்ணன் குடும்பமும் நாங்களுமாக மலைக்குச் சென்றோம். உச்சி வரை வண்டி செல்லும் சாலை உண்டு. மூட்டுவலி வந்த நாள் முதல் அம்மா அவ்வழியாகத்தான் வருவார். இந்த ஆண்டு மட்டும், "உங்க அப்பா ஏறின படியிலதான் நானும் ஏறுவேன்" என்று சொல்லி, என் தோளைப் பற்றிக்கொண்டு அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

அப்பா சைதாப்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் இரும்புக்கடை நடத்தியவர். புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் சிறு சிலுவையிட்டு 'இயேசு மரி சூசை' என்று எழுதுவார். அடுத்த பக்கத்துக்கு 'மாதா கணக்கு' என்று தலைப்பிடுவார். கடை சாத்துமுன் அன்றைய விற்பனையில் ஒரு பங்கு அங்கே வரவாக ஏறும். செலவுப் பக்கத்தில் எவருடைய பெயரும் இராது. மருந்து, பள்ளிக்கட்டணம், கூரை என்ற சொற்களும் தொகையும் மட்டுமே இருக்கும். வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினராக ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஏழைகளின் வீடுகளைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவார். ஆனாலும் இரவு எட்டரை மணிக்கு வீட்டில் குடும்பச் செபமாலை தொடங்கும்போது அவர் இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. கொள்முதலுக்கு வெளியூர் சென்ற நாள்களில்கூட அந்நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, செபமாலையின் பத்து மணிகளையாவது எங்களோடு சேர்ந்து சொல்லுவார்.

அவருடைய மனத்தில் இன்னொரு வணிகர் நிரந்தரமாகக் குடியிருந்தார். ஈரானின் ஜுல்பாவைச் சேர்ந்த அர்மீனியரான கோஜா பெட்ரூஸ் உஸ்கான்தான் அவர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைக்கு வந்து, பெரும் பொருள் ஈட்டியவர். கோட்டைப் பக்கத்திலிருந்து மலைக்கு நடந்து வரும் பக்தர்கள் அடையாற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் பயணம் அங்கேயே நின்றுவிடும். உஸ்கான் 1726-இல் அக்காலப் பொற்காசான வராகனில் 30,000 செலவிட்டுச் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அதைப் பராமரிக்க 1,500 வராகனைத் தனியே ஒதுக்கினார். கட்டிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இராமல், தாம் இல்லாத காலத்துப் பழுதுக்கும் பணம் எடுத்துவைத்த அந்தச் செயலைத்தான் அப்பா எப்போதும் வியந்து பேசுவார். பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் எழுத்துகள் பொறித்த கல் ஒன்று சைதாப்பேட்டைப் பக்கத்தில் நின்றிருந்தது. நான் பள்ளிக்குப் போன நாள்களில் அப்பா என்னை அதன் முன் நிறுத்தி, தோள்துண்டால் புழுதியைத் துடைத்துவிட்டு, எங்கள் இருவருக்குமே படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மீது என் விரலை வைத்து நகர்த்துவார்.

நாங்கள் ஏறிய படிகளும் உஸ்கான் கட்டிக் கொடுத்தவையே. 160 படிகள் என்று எழுதுவது வழக்கம். ஏறும் வழியில், இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் உள்ளன. அப்பா அதிக நேரம் நிற்பது ஐந்தாம் நிலையில், சீரேனே ஊரானாகிய சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவும் இடத்தில். "அவர் வயல்லேர்ந்து வந்துகிட்டிருந்தவர்பா; வழியில கிடைச்ச வேலையைச் செஞ்சாரு" என்பார். அம்மா இம்முறை அங்கேதான் மூச்சு வாங்க உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் தம் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் மேலே ஏறிப் போனார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது 2015 டிசம்பர் எங்கள் எல்லோருடைய நினைவுக்கும் வந்தது. அடையாறு பெருகிப் பாலத்தை மூடிய அந்த நாள்களில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மேல்தட்டில் நனையாமல் தப்பிய கயிறு, தார்ப்பாய், வாளி அனைத்தையும் அப்பா விலை பேசாமல் ஆற்றோரக் குடிசைக்காரர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். பின்னர் பேரேட்டில் மாதா கணக்கின் கீழ் 'ஆறு' என்ற ஒரு சொல்லை எழுதினார். அதற்கு நேரே தொகை எதுவும் இல்லை.

மேலே உள்ள ஆலயம் 1523-இல் போர்த்துகீசியர் எழுப்பியது. பீடத்தில், பழைய பாரசீக மொழியான பகலவியின் எழுத்துகள் சூழ்ந்த கற்சிலுவை இருக்கிறது; 1547-இல் மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்ட இச்சிலுவை, 1558-ஆம் ஆண்டு இதே டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் இரத்த வியர்வை சிந்தியது என்பது மரபு. பிறக்கப் போகும் மகனை எதிர்நோக்கியிருக்கும் மாதாவின் திருநாள் இது. அப்பாவின் தேய்ந்த செபமாலையை அம்மா இரு கைகளிலும் ஏந்திப் பீடத்தை நோக்கிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இறங்கியதும் அம்மா வேப்பேரிக்குப் போக வேண்டும் என்றார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது பணிய மறுத்து உடைமைகளை இழந்த உஸ்கான், 1751 ஜனவரி 15 அன்று இறந்து, அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அந்த இடத்தில் இன்று இருப்பது புனித மத்தியா ஆலயம். அவருடைய விருப்பப்படி இதயத்தை மட்டும் பேழையில் வைத்து ஜுல்பாவுக்கு எடுத்துச் சென்றார்கள். பிழைக்க வந்த மண்ணில் உடலும் பிறந்த மண்ணில் இதயமுமாகப் பிரிந்து உறங்கும் அந்த மனிதரின் கல்லறை முன், அம்மா எங்கள் வீட்டு வழக்கப்படி மரித்தோருக்கான செபத்தைச் சொன்னார். உஸ்கானின் பெயரை அடுத்து அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

மாலையில் அண்ணன் கடையைத் திறந்தார். சாத்தும் நேரத்தில் பேரேட்டை எடுத்து, அப்பாவின் கையெழுத்து நின்றுபோன வரிக்குக் கீழே தேதியைப் போட்டு, அன்றைய விற்பனையின் பங்கை மாதா கணக்கில் வரவு வைத்தார்.