பல்லாவரம் சந்தையில் கிடைத்த சுருட்டுப் பெட்டி

கடந்த தை மாதம், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்த ஒரு மரப்பெட்டியை, மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்துக்காகவே வாங்கினேன். அமெரிக்கச் சுருட்டுப் பெட்டிகள் பலவற்றைச் செய்த அந்த மரத்தை 'ஸ்பானிஷ் சீடர்' என்பார்கள். பெயரில்தான் சீடர், அதாவது தேவதாரு; உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் அடுக்கியிருந்த சுருட்டுகளை எங்கே சுருட்டினார்கள், அவற்றின் புகையிலை எந்த மண்ணில் விளைந்தது என்ற இரண்டு கேள்விகளும் அன்று முதல் என்னை விடவில்லை.

முதல் கேள்விக்கான விடை பெட்டியின் அடியிலேயே இருந்தது. 1868ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச் சட்டத்துக்குப் பிறகு, சுருட்டுப் பெட்டிகளில் தொழிற்சாலையின் எண்ணையும் வரி மாவட்டத்தையும் பொறிக்க வேண்டியிருந்தது. இந்தப் பெட்டியை மீண்டும் சுருட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது, முத்திரையைக் கிழிக்காமல் உள்ளிருப்பதை எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் இருக்கும். என் பெட்டியில் எண்ணின் கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது. ஆனால் 'பென்சில்வேனியா, 9ஆம் மாவட்டம்' என்பது தெளிவாகத் தெரிகிறது. லங்காஸ்டரும் யார்க்கும் அடங்கிய பகுதி அது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வரி முத்திரைத் துண்டில் '1901 வரிசை' என்று இருப்பதால், அதற்கு முந்தைய பெட்டியாக இருக்க முடியாது.

இரண்டாவது கேள்விதான் என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. மூடியின் உட்புறத்தில் 'சீட் அண்ட் ஹவானா' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, கியூபா விதையை அமெரிக்காவில் நட்டு வளர்த்த இலை என்று பொருள் கொண்டேன். அது தவறு. அப்படி வளர்த்த 'ஹவானா சீட்' என்ற ரகம் கனெக்டிகட்டிலும் விஸ்கான்சினிலும் விளைந்தது உண்மைதான். ஆனால் 'சீட் அண்ட் ஹவானா' என்று வணிகர்கள் சொன்னது, 'சீட்லீஃப்' எனப்படும் உள்நாட்டு இலையும் கியூபாவிலிருந்து கப்பலில் வந்த இலையும் கலந்த சுருட்டை. நடுவிலுள்ள ஒரு சொல் பொருளையே மாற்றிவிடுகிறது.

ஆகவே, சுருட்டிய ஊரைக் கண்டுபிடித்தால் இலையின் ஊரையும் கண்டுபிடித்ததாக ஆகாது. ஒரே சுருட்டில் உள்ளே நிரப்பும் இலை லங்காஸ்டர் வயலிலிருந்தும், அதை இறுக்கிக் கட்டும் இலை விஸ்கான்சினிலிருந்தும், மேலே போர்த்தும் இலை கடல் கடந்து சுமத்திராவிலிருந்தும் வந்திருக்கலாம். மெல்லியதும் வழவழப்பானதுமான சுமத்திரா இலை உள்நாட்டு விவசாயிகளை அந்த அளவுக்குக் கலங்க வைத்ததால்தான், 1890இல் அதன் மீது பவுண்டுக்கு 2 டாலர் இறக்குமதி வரி விதித்தார்கள். 1900இல் கனெக்டிகட்டின் வின்ட்சரில், சுமத்திரா விதையை நட்டு வயல் முழுவதும் துணிப்பந்தல் போட்டு, நிழலில் அதே மாதிரியான இலையை விளைவித்துப் பார்த்தார்கள். வெயிலை வடிகட்டினால் இலை மெலிதாகும், நரம்பும் தடிக்காது. வரியால் முழுதும் சாதிக்க முடியாததைத் துணியால் சாதித்த அந்த முயற்சியை வியக்காமல் இருக்க முடியவில்லை.



ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு'தான் என்பதால், பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த விரல்நக அளவு இலைத்துணுக்கை நம் ஊர்க் கைகளிடமே காட்ட நினைத்தேன். உறையூரில் நாற்பது ஆண்டுகள் சுருட்டு சுற்றிவிட்டு, இப்போது குரோம்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர், அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது மேல சுத்துற இலை இல்ல தம்பி. நரம்பு தடிப்பா இருக்கு பாருங்க. உள்ள வைக்கிறது" என்றார்.

அப்படியானால் அது லங்காஸ்டர் வயலாகவோ கியூபாவாகவோ இருக்க வேண்டும். துணுக்கைக் காகிதத்தில் மடித்து மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.